தோற்கும்போது மட்டும் அறுகிற லைன்

அத்தியாயம் 4

லண்டனில் இன்ரர்நெற் அறுவது ஒரு செய்தியே அல்ல. மழைக்கு அறும், வெயிலுக்கு அறும், தெருவைத் தோண்டுகிறவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் அறும். ஆனால் சொந்தக்காரி தோற்கத் தொடங்கினால் மட்டும் அறுகிற லைனை மேர்வின் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறான்.

“வெல்லேக்க அறாதோ?” என்று கேட்டான்.

“ஒரு நாளும் அறாது,” என்றாள் லக்‌ஷிகா.

“அப்ப மானமுள்ள லைன். தோக்கிறதைப் பாக்க அதுக்கு மனம் பொறுக்கேல்ல.”

சிவரூபினி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஹரோவில், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்ற அந்த வீட்டின் மேல்மாடி அறையில், லக்‌ஷிகாவின் கதிரையில் உட்கார்ந்து, கணினிக்குப் பின்னால் போகிற கேபிளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவரூபினி ஒரு நெற் கொம்பனியின் உதவி லைனில் பத்து வருடம் இருந்தவள். பத்து வருடமும் “நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போடுங்கோ” என்று ஊருக்கெல்லாம் சொல்லி, ஒரு நாள் அந்த வசனத்தை இனி வாயில் எடுப்பதில்லை என்று வேலையை விட்டுவிட்டாள். இப்போது டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே அவளுக்கு ஓர் அறை. வாசல் பலகையில் ‘வீட்டு நெற் பிரச்சினை: காரணம் கண்டுபிடிக்கப்படும்’ என்று எழுதியிருக்கும். திருத்தித் தரப்படும் என்று அவள் எழுதவில்லை. அது வேறு தொழில் என்பாள்.

மேர்வின் ஜேர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். ஏணி தூக்குவது, கேபிள் இழுப்பது, பகிடி விடுவது ஆகிய மூன்றும் அவன் பொறுப்பு. மூன்றாவதை யாரும் கேட்கவில்லை என்று சிவரூபினி அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

“முதல்ல இருந்து சொல்லு, தங்கச்சி,” என்றாள் சிவரூபினி.

லக்‌ஷிகா பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். பகலில் “வாயைத் திறவுங்கோ, டொக்டர் வாறார்” என்று சனத்துக்கு ஆறுதல் சொல்லுவாள். வேலை முடிந்து வந்தால் கணினியில், இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று அடிபடுகிற விளையாட்டு. சும்மா பொழுதுபோக்கு அல்ல. லண்டன் லீக்கில் அரையிறுதிவரை வந்துவிட்டாள். அவள் ஆடுவதை நேரலையில் ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள்.

“மூண்டு ஆட்டம், அக்கா. மூண்டிலயும் நான் பின்னுக்கு நிண்டனான். மூண்டிலயும் லைன் போயிட்டுது. லைன் போனா அந்த ஆட்டம் செல்லாது, திரும்ப ஆடவேணும். அதுதான் சட்டம்.”

“அப்ப தோக்கிற ஆளுக்கு லைன் போறது லாபம்,” என்றாள் சிவரூபினி.

“ஓம். அதாலதான் நானே பிளக்கைப் பிடுங்கிறன் எண்டு சொல்லீனம். எனக்குப் பேரும் வைச்சிட்டாங்கள்.” அவள் நிலத்தைப் பார்த்தாள். “பிளக் ராணி.”

மேர்வினுக்கு வாய்வரை ஒரு பகிடி வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.

“இண்டைக்கு ஏழு மணிக்கு அரையிறுதியைத் திரும்ப ஆடவேணும். நடுவர் லைனிலயே இருப்பார். இன்னொருக்கா அறுந்தா என்னை லீக்கில இருந்து ஒரேயடியா எடுத்திடுவினம். ஏன் எடுத்ததெண்டு பேரோட போடுவினம். தோக்கிறது எனக்குப் பழக்கம், அக்கா. கள்ளி எண்டு பேரெடுக்க ஏலாது.”

“நீ பிடுங்கினியோ?”

லக்‌ஷிகா நேரே பார்த்தாள். “இல்லை.”

“சரி. அப்ப நீ பிடுங்கேல்ல,” என்றாள் சிவரூபினி, அவ்வளவுதான் விசாரணை என்பதுபோல. “இதுவரைக்கும் என்னென்ன செய்து பாத்தனி?”

செய்யாதது எது என்று கேட்டிருக்கலாம். வை-பை சரியில்லை என்று ரௌட்டரில் இருந்து மாடிக்குக் கேபிள் இழுத்தாள். கேபிள் சரியில்லை என்று புதுக் கேபிள் வாங்கினாள். ரௌட்டரை மாற்றினாள். வீட்டில் யார் என்ன பார்த்தாலும் விளையாட்டுக்கே முதலிடம் என்று செற்றிங்கில் போட்டாள். கொம்பனியில் இருந்து இரண்டு தரம் ஆள் வந்து, வேகத்தை அளந்து, இந்தத் தெருவிலேயே இதுதான் நல்ல லைன் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் அறும், பிறகு யாரும் ஒன்றும் செய்யாமலே தானாக வரும். வந்தபிறகு அளந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“கொஞ்ச நேரம் எண்டா?”

“ஒரு பொரியல் பொரிக்கிற நேரம்.”

“வீட்டில ஆர் ஆர்?”

“நான், அம்மா, அப்பா. அப்பாவுக்கு உது பிடிக்காது. அம்மாவுக்கும் பிடிக்காது. ஆனா அம்மா பேசமாட்டா, பெருமூச்சுத்தான் விடுவா. லீக்கில நடக்கிற பிரச்சினையை அவவுக்கு நான் சொல்லேல்ல. சொன்னா நித்திரை கொள்ளமாட்டா.”

படியில் இறங்கும்போது மேர்வின் சிவரூபினியின் காதுக்குள் சொன்னான். “தேப்பன்தான். எழுதித் தாறன்.”

“எழுத வேண்டாம். உனக்கு எழுத்துப் பிழை வரும்.”

தகப்பன் சண்முகராசா முன்னறையில் சாய்கதிரையில் இருந்தார். பஸ் ஓட்டுகிறவர். இன்றைக்கு லீவு. ரிவியில் தமிழ்ச் செய்தி போய்க்கொண்டிருந்தது, அதுவும் நெற்றில் வருகிற செய்திதான். பிள்ளையின் விளையாட்டைப் பற்றிக் கேட்டதும் செய்தியின் சத்தத்தைக் குறைத்தார்.

“தம்பி, நாள் முழுக்க ரோட்டில நான் ஆரோடயும் அடிபடாமல் கவனமா ஓடிப்போட்டு வீட்டை வந்தா, மேல என்ர பிள்ளை ஆரையோ போட்டு அடிக்கிறாள். இந்த லைனை வெட்டி எறிஞ்சாத்தான் வீடு உருப்படும் எண்டு நான் சொன்னனான். இப்பவும் சொல்லுறன்.”

மேர்வின் சிவரூபினியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். இதைவிட ஒரு குற்றவாளி என்ன செய்வான், கையெழுத்தும் வைக்கவேண்டுமா?

குசினியில் தாய் நகுலேஸ்வரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். புதுக் குசினி. அடுப்பு என்று ஒன்று இல்லை, கறுப்புக் கண்ணாடி மட்டும்தான். அதில் சட்டி வைத்தால் சூடாகும், கை வைத்தால் சும்மா இருக்கும்.

“வடிவா இருக்குது, அன்ரி,” என்றான் மேர்வின்.

“வடிவுக்கென்ன குறை. நெருப்பில்லாத அடுப்பு. ஒரு கத்தரிக்காய் சுட ஏலாது,” என்றார் நகுலேஸ்வரி. பிறகு மெதுவாக, “உந்த விளையாட்டு எனக்கு ஒண்டும் விளங்காது, தம்பி. நான் பாக்கிறதுமில்லை. ராவில நித்திரை முழிச்சு, சாப்பாடும் ஒழுங்கில்லை. விட்டாளெண்டா நல்லது. இண்டைக்கும் அந்தச் சிவப்பு முடிக்காரனோடதானே?”

“ஆரோ, தெரியேல்ல, அன்ரி.”

சிவரூபினி தேத்தண்ணியை இரண்டு மிடறில் குடித்து முடித்தாள். அது அவள் அவசரப்படுகிறாள் என்பதற்கு அடையாளம். மற்றபடி அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

மாடிக்குத் திரும்பிப் போய் லக்‌ஷிகாவிடம் சொன்னாள். “இப்ப ஆரோடயாவது ஓர் ஆட்டம் ஆடு. ஆடித் தோத்துக் காட்டு.”

“வேணுமெண்டு தோத்துப் பழக்கமில்லை, அக்கா.”

“பழகு. நேரலை வேண்டாம். சும்மா ஆடு.”

லக்‌ஷிகா ஆடினாள். முகம் தெரியாத யாரோ ஒருவன் அவளைச் சுவரோடு சாத்தி வைத்து அடித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். தோற்றாள். லைன் அசையவில்லை. இன்னொரு தரம் ஆடித் தோற்றாள். அப்போதும் லைன் அப்படியே நின்றது.

“கேஸ் முடிஞ்சுது,” என்றான் மேர்வின். “லைன் திருந்திட்டுது.”

“இப்ப நேரலையைப் போட்டுக்கொண்டு தோ,” என்றாள் சிவரூபினி. “மேர்வின், நீ கீழ போய்த் தேப்பனுக்கு முன்னால இரு. கண்ணை எடுக்காத. நான் ரௌட்டரடியில நிக்கிறன்.”

மேர்வின் போய் சண்முகராசாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவரையே பார்த்தான். சண்முகராசா முதலில் செய்தியைப் பார்த்தார், பிறகு மேர்வினைப் பார்த்தார், பிறகு தன் சட்டையில் ஏதும் கொட்டுண்டு கிடக்கிறதா என்று பார்த்தார். குசினிப் பக்கம் ‘ணிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மைக்ரோவேவ் என்று மேர்வின் நினைத்தான். பிறகு ஒரு கதவு மெல்லச் சாத்துப்பட்டது.

மேலேயிருந்து லக்‌ஷிகாவின் குரல். “தோக்கிறன், அக்கா.” பிறகு, “அக்கா, அறுந்திட்டுது.”

மேர்வின் தன் குற்றவாளியைப் பார்த்தான். சண்முகராசாவின் ஒரு கையில் ரிமோட். மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பை. கால் இரண்டும் ஸ்டூலில். குற்றம் செய்ய அவர் உடம்பில் ஓர் உறுப்பும் மிச்சமில்லை. ரிவியில் செய்தி வாசிக்கிற பெண் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள்.

“இது உங்கட வேலையோ?” என்று சண்முகராசா அவனைக் கேட்டார்.

எழுதித் தருவதாகச் சொன்னதை மேர்வின் நினைத்துக்கொண்டான். எழுதிக் கொடுக்காதது எவ்வளவு நல்லது.

சிவரூபினி வீட்டுக்குள் நடைபாதையில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே இருந்த ரௌட்டரின் முன்னால் நின்றாள். மேர்வின் எட்டிப் பார்த்தான். கரன்ற் லைற் எரிந்தது. வை-பை லைற் எரிந்தது. ஒன்று மட்டும் சிவப்பாக இருந்தது.

“பாத்தியோ. ரௌட்டருக்கு ஒரு வருத்தமுமில்லை. அதுக்குச் சாப்பாடுதான் வரேல்ல,” என்றாள். “எல்லாரும் இதைத்தான் மாத்தினவை, இதைத்தான் அளந்தவை. இதுக்கு முன்னால ஒண்டு இருக்கவேணும். அண்ணை, வெளியில இருந்து லைன் எங்கால உள்ளுக்க வருது?”

“பைபர் லைன் பூட்ட வரேக்க நான் ஷிப்ட்டில. நகுலாதான் கதவு திறந்து விட்டவ,” என்றார் சண்முகராசா, வாய் திறந்த செய்தி வாசிப்பவளைப் பார்த்தபடி.

மேர்வின் வெளியே ஓடினான். தெருக் கம்பத்தில் இருந்து மெல்லிய கறுப்புக் கேபிள் ஒன்று வீட்டின் கூரை ஓரமாக வந்து, முன்பக்கம் இறங்காமல், பக்கச் சுவரால் பின்னுக்குப் போயிற்று. பக்கப் படலையைத் திறந்து அதன் பின்னாலேயே போனான். சிவரூபினியும், படியிறங்கி வந்த லக்‌ஷிகாவும் அவனுக்குப் பின்னால் வந்தார்கள். குசினிக்கும் தோட்டத்துக்கும் நடுவில், பிளாஸ்ரிக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு. உடுப்புத் தோய்க்கிற மெசின் நிற்கிற இடம். கேபிள் அந்தச் சாய்ப்பின் சுவருக்குள் நுழைந்தது. தோட்டத்துப் பக்கக் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே நகுலேஸ்வரி நின்றார்.

மெசினுக்கு மேலே சவர்க்காரத் தூள் பெட்டி. பெட்டியில் சாய்த்து வைத்த போன். போன் திரையில் ஆட்டம் அசையாமல் நின்றது. மூலையில், சுவரோடு சாத்தப்பட்ட பெண்ணின் முகத்தோடு லக்‌ஷிகா. நகுலேஸ்வரியின் வலது கை மூடியிருந்தது. அந்தக் கையை அவர் போனைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார். விரல் இடுக்கால் செத்தல் மிளகாயின் காம்பு தெரிந்தது. பக்கத்தில் ஒற்றைச் சுருள் மின்னடுப்பு ஒன்று சிவந்துகொண்டிருந்தது.

மேர்வின் வாயைத் திறந்தான். நகுலேஸ்வரி இடது கையைத் தூக்கினார். பேசாதே என்று அர்த்தம்.

மேர்வின் வேதக்காரன்தான். ஆனால் அவன் தாயும் பிள்ளைகளுக்குக் கண்ணூறு கழித்துவிட்டுக் கடைசியில் ஒரு சிலுவையைப் போட்டுவிடுகிறவர். நடுவில் கதைக்கக்கூடாது என்பது எந்தச் சமயத்திலும் ஒன்றுதான். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். துப்பறியும் தொழிலில், குற்றவாளி கையும் மெய்யுமாகப் பிடிபட்டபிறகு, அவர் காரியத்தை முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

நகுலேஸ்வரி மிளகாயையும் உப்பையும் அடுப்பில் போட்டார். சடசடவென்று வெடித்தது. புகை எழும்பித் திறந்திருந்த கதவால் தோட்டத்துக்குப் போயிற்று. ஒருவரும் இருமவில்லை.

“பாத்தியளோ,” என்றார் நகுலேஸ்வரி. “ஒரு கமறல் இல்லை. கண்ணூறு இருந்தாத்தான் மிளகாய் கமறாது. எவ்வளவு கண் பட்டிருந்தா இப்பிடி இருக்கும்.”

சிவரூபினி திறந்திருந்த கதவைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். சுவரில் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. கறுப்புக் கேபிள் அதற்குள்தான் வந்து சேர்ந்தது. அதன் லைற்றுகள் எல்லாம் அணைந்து, அதன் பிளக் நிலத்தில் கிடந்தது. அது இருக்கவேண்டிய இடத்தில் மின்னடுப்பின் பிளக் இருந்தது.

“நகுலாக்கா, நீங்கள் விளையாட்டுப் பாக்கிறேல்ல எண்டு சொன்னியள். பாக்காத ஆளுக்கு மற்றவனின்ர பொம்மைக்குச் சிவப்பு முடி எண்டு தெரிய ஞாயமில்லை,” என்றாள் சிவரூபினி. “நேரலை தொடங்கினவுடன உங்கட போன் மணி அடிச்சுது. நேரலை இல்லாமல் பிள்ளை தோக்கேக்க லைன் அறேல்ல. அப்ப, அறுக்கிற ஆள் நேரலையைப் பாக்கிற ஆள். வீட்டுக்க இருக்கிற ஆள்.”

“நான் எதைப் பிள்ளை அறுத்தன்?” நகுலேஸ்வரிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “உள்ளுக்க அடுப்பில நெருப்பில்லை. கரன்ற் அடுப்பைக் குசினிக்க வைச்சாப் புகைக்கு அலாரம் கத்தும். போன முறை கத்தி, பக்கத்து வீட்டுக்காரி பயர் எஞ்சினைக் கூப்பிட்டிட்டா. இஞ்ச ரெண்டு பிளக் ஓட்டைதான். ஒண்டு மெசினுக்கு. மற்றதில அந்தப் பழைய ரெலிபோன் பெட்டி. வீட்டு ரெலிபோனை நிப்பாட்டி எவ்வளவு காலம். சும்மாதானே கிடக்குது எண்டு கழட்டிப்போட்டு, முடிஞ்சாப்பிறகு கொழுவி விடுவன்.”

“அது ரெலிபோன் பெட்டி இல்லை. அதாலதான் முழு வீட்டுக்கும் நெற் வருது.”

நகுலேஸ்வரி பெட்டியைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

“அங்க பாருங்கோ,” என்று திரையைக் காட்டினார், இன்னும் தன் பக்க நியாயத்தை விடாமல். மூலையில் ஒரு கண் படம் போட்டு, பக்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் என்று எண் இருந்தது. “எத்தினை கண் எண்டு அவங்களே எழுதிக் காட்டுறாங்கள். பிள்ளை தோக்கத் தொடங்கினா அது இன்னும் கூடும். ஆறாயிரம், ஏழாயிரம். பெத்தவள் எப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கிறது? நான் கழிக்கத் தொடங்கினா உடனே அந்தப் பெடியன் அடிக்கிறது நிண்டிடும். ஒரு நாளும் பிழைச்சதில்லை.”

பிழைக்காதுதானே, என்று மேர்வின் நினைத்தான். உலகத்தில் இவ்வளவு சுத்தமாகப் பலித்த கண்ணூறு வேறு எங்கேயும் இருக்காது.

“அம்மா.” லக்‌ஷிகா வாசலில் நின்றாள். பிளக்கைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று மேர்வின் நினைத்தான். அவள் அதைக் கேட்கவில்லை. “நீங்கள் நான் விளையாடுறதைப் பாக்கிறனீங்களோ?”

“ஒண்டும் விட்டதில்லை,” என்றார் நகுலேஸ்வரி, களவு பிடிபட்ட குரலில். “அப்பாவுக்குச் சொல்லிப்போடாத.”

லக்‌ஷிகா அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே, லீக்கில் தன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எதற்காக என்று தாய்க்கு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க நகுலேஸ்வரியின் முகம் சுருங்கியது. கடைசியில் மெசினைப் பிடித்துக்கொண்டார்.

“என்ர பிள்ளையைக் கள்ளி எண்டு ஊர் சொல்ல வைச்சது நானோ?”

மேர்வின் இவ்வளவு நேரமும் இந்த வீட்டில் சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடித் திரிந்ததற்கு வெட்கப்பட்டான்.

“பிளக்கைப் பிடுங்கினது எண்டு சொன்னவங்கள் பொய் சொல்லேல்ல, அன்ரி. ஆளைத்தான் மாறிச் சொல்லிப்போட்டாங்கள்,” என்றான் கடைசியில். ஆறுதலாகத்தான் சொன்னான்.

“நடுவருக்கு இதை விளங்கப்படுத்துவமோ, அக்கா?” என்று லக்‌ஷிகா கேட்டாள்.

சிவரூபினி யோசித்தாள். “அம்மா போனைச் சுத்தி மிளகாய் எடுத்தவ, அதால லைன் அறுந்தது எண்டு அந்த வெள்ளைக்காரனுக்குச் சொல்லப் போறியோ? முழுக்க உண்மை. ஆனா இதைவிட வடிவான பொய் அந்த மனுசன் கேட்டிருக்கமாட்டான்.” குனிந்து, மின்னடுப்பின் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பெட்டியின் பிளக்கைக் கொழுவினாள். “லைன் ஓடட்டும். அதுவே சொல்லும்.”

ஏழு மணிக்கு மேர்வின் சாய்ப்புக்குள், கவிழ்த்த வாளி ஒன்றில், பிளக்குக்குக் காவல் இருந்தான். நகுலேஸ்வரி பக்கத்தில் சின்னக் கதிரையில் போனோடு இருந்தார். சண்முகராசா வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். செய்தி முடிந்துவிட்டதாம். யாரும் கேட்காமலே சொன்னார். மேலே லக்‌ஷிகாவோடு சிவரூபினி இருந்தாள்.

ஐந்தில் மூன்று வென்றால் இறுதிப்போட்டி. முதல் சுற்றை லக்‌ஷிகா வென்றாள். இரண்டாவதைச் சிவப்பு முடிக்காரன் எடுத்தான். மூன்றாவது அவளுக்கு, நாலாவது அவனுக்கு. கடைசிச் சுற்றில் அவன் அவளை மூலைக்குத் தள்ளினான். திரைக்குப் பக்கத்தில் ஆட்கள் எழுதுகிற குறிப்புகள் மழையாக ஓடின. மேர்வின் சிலதை வாசித்தான். இப்ப பிடுங்குவாள் பாருங்கோ என்று ஒருவன். எல்லாரும் ஆயத்தமா என்று இன்னொருவன். கண் படத்துக்குப் பக்கத்தில் எண் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. இவ்வளவு பேரும் வந்தது ஆட்டம் பார்க்க அல்ல, லைன் அறுவதைப் பார்க்க.

“கூடிக்கொண்டு போகுது,” என்றார் நகுலேஸ்வரி. அவர் கை உப்புப் பைக்கற்றுக்குப் போயிற்று.

மேர்வின் பிளக்கைக் கையால் மூடினான். சண்முகராசாதான், “நகுலா,” என்றார். அவ்வளவுதான். நகுலேஸ்வரி கையைத் திருப்பி எடுத்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் மேர்வினுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்தப் பிள்ளை இப்போது வென்றால் ஒன்றும் தீராது. வெல்லும்போது லைன் அறாது என்பது உலகத்துக்கே தெரியும். அவள் கள்ளி இல்லை என்பதற்கு ஒரேயொரு சாட்சிதான் இருக்கிறது, லைன் அறாமல் அவள் தோற்பது. அதை நினைக்கவே அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு இது முதலே விளங்கியிருக்கும். என்றாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. மூலையில் இருந்து இரண்டு தரம் வெளியே வந்தாள். இரண்டாவது தரம் சிவப்பு முடிக்காரன் விழப்பார்த்தான். சண்முகராசா தன்னை அறியாமல், “அடி, பிள்ளை,” என்றார். பிறகு அவன் எழும்பினான். அவள் அடி பிழைத்தது. அவன் அடி பிழைக்கவில்லை.

வெள்ளைப் பெட்டியின் லைற்றுகள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. லக்‌ஷிகா தோற்றுவிட்டாள்.

குறிப்புகள் ஒரு கணம் நின்றுபோயின. ஒன்பதாயிரம் பேருக்கும் எழுத ஒன்றும் வரவில்லைப்போல. பிறகு ஒருவன், அறேல்லையே, என்று எழுதினான்.

நடுவரின் குரல் போனில் கேட்டது. ஆட்டம் முடிந்தால் வழமையாகக் கேட்கிற கேள்வியை இங்கிலீசில் கேட்டார். லைனைப் பற்றி ஏதும் முறைப்பாடு உண்டா?

“இல்லை,” என்றாள் லக்‌ஷிகா, அவளும் இங்கிலீசில். “லைன் நல்லாத்தான் இருந்தது. அவர் நல்லா விளையாடினார்.”

தோற்கும்போதும் லைன் அறவில்லை, அப்படியானால் உன்மேல் இருந்த பழைய முறைப்பாடுகள் கைவிடப்படுகின்றன, உன் பெயர் அடுத்த வருடப் போட்டியிலும் இருக்கும் என்று நடுவர் சொன்னார். திரையின் மூலையில் இருந்த லக்‌ஷிகா மூக்கைத் துடைத்தாள். பிறகு கமராவை நேரே பார்த்து, ஒன்பதாயிரம் பேரில் ஒரேயொருவருக்காகத் தமிழில் சொன்னாள்.

“அம்மா, நான் தோத்திட்டன். வடிவாத் தோத்திட்டன்.”

நகுலேஸ்வரி கைகளைத் தொடைக்குக் கீழே இருந்து எடுத்தார். போனைத் தூக்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். மேலே கேட்காது என்று அவருக்குத் தெரியும். புருசன் பக்கத்தில் நிற்கிறார் என்பதும் தெரியும்.

“ஓம், பிள்ளை,” என்றார். “பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”